பல்பு விற்காத பல்புக்கடை அக்கா

கடலூர் முதுநகரில் ஒரு ஐஸ் கம்பெனியை ஒட்டி ஒரு பல்புக்கடை இருந்தது. வீட்டுக்குப் போடுகிற பல்பு அல்ல. கார், வேன், லாரிகளுக்குப் போடுகிற ஹெட்லைட் பல்பு. கடையை நடத்தியவர் ஒரு அக்கா. பல்பு வேண்டும் என்று போகிறவர்களில் முக்கால்வாசிப் பேரை அவர் பல்பு கொடுக்காமலேயே திருப்பி அனுப்பிவிடுவார். இப்படி ஒரு வியாபாரத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. பார்த்திருந்தால் அவர்களையும் கிண்டல் செய்திருப்பேன்.

எனக்கு வாய் கொஞ்சம் ஜாஸ்தி. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சிதம்பரத்தில் பழைய அம்பாசடர் ஒன்றை வைத்து வாடகைக்கு ஓட்டிக்கொண்டிருந்தேன். பரங்கிப்பேட்டையில் நிறைய வீடுகளில் வெளிநாட்டில் ஆள் உண்டு. அவர்களைக் கோழி கூவுவதற்கு முன் ஏற்றிக்கொண்டு சென்னை விமான நிலையத்தில் விடுவதும், ஊர் திரும்புகிறவர்களை அழைத்து வருவதும்தான் என் பிழைப்பு. பகல் சவாரி எனக்குக் கறிவேப்பிலை மாதிரி, வாசனைக்குத்தான். இருட்டில் ஓட்ட முடியவில்லை என்றால் வீட்டில் அடுப்பு எரியாது. அதனால் ஹெட்லைட்டில் சின்னக் கோளாறு என்றாலும் உடனே கடையைத் தேடி ஓடுவேன்.

அக்காவிடம் நான் முதன்முதலாகப் போனது 2004-இல், ஆயுத பூஜைக்கு மறுநாள்.

“அக்கா, எடது பக்க லைட்டு டல்லடிக்குது. புது பல்பு ஒண்ணு குடுங்க.”

அவர் பல்பு அட்டைகள் இருந்த பக்கம் திரும்பவே இல்லை. ஒரு ஈரத்துணியை எடுத்துக்கொண்டு வெளியே வந்து வண்டிக்கு முன்னால் குந்தினார். முந்தின நாள் பூஜையில் என் மனைவி இரண்டு விளக்குக் கண்ணாடியிலும் சந்தனத்தைக் குழைத்துப் பூசி, நடுவில் குங்குமம் வைத்திருந்தாள். இடது பக்கம் மட்டும் பக்தி கொஞ்சம் கூடிவிட்டது. கண்ணாடி முழுக்கக் காய்ந்து ஏடு தட்டியிருந்தது. அக்கா அதை ஊறவைத்து, நகத்தால் சுரண்டி, துடைத்துவிட்டு எழுந்தார்.

“ரிப்பேர் முடிஞ்சிது அண்ணே. சாமிக்கு பானட்டுல வையுங்க. கண்ணாடியில வேணாம்.”

“எவ்ளோக்கா?”

“சந்தனம் தொடச்சதுக்கு என்னா பில்லா போட முடியும்? போங்க.”

நான் அவரை அக்கா என்பேன், அவர் என்னை அண்ணே என்பார். யார் மூத்தவர் என்ற விவகாரத்தை இருவருமே கிளறியதில்லை. இருவருக்கும் அது வசதியாக இருந்தது.

கடை பகலெல்லாம் தூங்கி வழியும். விளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான் விழிக்கும். கடைக்குப் பக்கத்தில் ஒரு காலிமனை, அதன் முடிவில் ஐஸ் கம்பெனியின் வெள்ளையடித்த மதில். அந்த மதிலில் அக்கா நீலச் சாக்பீஸால் கோடுகள் போட்டு வைத்திருந்தார். காருக்கு ஒரு கோடு, ஜீப்புக்கு அதற்கு மேலே, வேனுக்கு இன்னும் மேலே, லாரிக்கு எல்லாவற்றுக்கும் மேலே. மனையின் இந்தக் கடைசியில் ஒரு கல் நட்டிருந்தார். வண்டியின் முன்சக்கரம் அந்தக் கல்லுக்கு நேராக நிற்க வேண்டும். டிம் போட்டால் வெளிச்சத்தின் மேல்விளிம்பு அந்தந்தக் கோட்டுக்குக் கீழே அடங்க வேண்டும். அடங்காவிட்டால் ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டு வருவார். ஆறரை மணிக்கு அங்கே நான்கைந்து வண்டிகள் வரிசை கட்டி நிற்கும். கோயிலில் தீபாராதனைக்கு நிற்கிற பொறுமை எங்களுக்கு அங்கேதான் வந்தது.

அவர் வேலை செய்கிற முறைக்கு ஒரே சட்டம். “ஒரு நேரத்துல ஒண்ணத்தான் மாத்தணும்” என்பார். கண்ணாடியைத் துடைத்தால், சுவரைப் பார்த்துவிட்டுத்தான் அடுத்ததைத் தொடுவார். ஒயரைச் சுரண்டினால், மறுபடி சுவரைப் பார்ப்பார். பல்பு என்பது கடைசி. “மொத்தத்தையும் ஒண்ணா மாத்திட்டா எது திருடன்னு எப்படித் தெரியும்?”

இதையெல்லாம் எங்கே படித்தீர்கள் என்று ஒருநாள் கேட்டேன்.

“பல்பு அட்டையில எழுதியிருந்திச்சு” என்றார். அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். விலையும் வோல்ட்டும்தான் இருந்தன.

அவரிடம் நான் பட்ட அவமானங்களில் பெரியது சில்வர் பெயிண்ட் சமாசாரம். கடலோர உப்புக் காற்றில் என் விளக்குகளுக்குள் இருக்கும் ரிஃப்ளெக்டர் தோல் உரிந்து, கறுத்துப் போயிருந்தது. நானே சரி பண்ணிக்கொள்கிறேன் என்று, வீட்டு கேட்டுக்கு அடிக்கிற சில்வர் பெயிண்ட் ஒரு டப்பா வாங்கி, இரண்டு ரிஃப்ளெக்டருக்கும் இரண்டு கோட் அடித்தேன். பகலில் பார்க்கக் கல்யாணப் பாத்திரம் போல் மின்னியது. அத்தோடு நின்றேனா? பல்புக்கு முன்னால் சின்னதாக ஒரு தகரக் குல்லா இருந்தது. வெளிச்சத்தை மறைக்கிறதே, இதை எவன் வைத்தான் என்று குறடால் பிடுங்கி எறிந்தேன். அன்று மாலை ஓட்டிப் பார்த்தால் சாலையில் வெளிச்சமே இல்லை. ஆனால் எதிரில் வந்த பஸ் டிரைவர் தலையை வெளியே நீட்டி என் குடும்பத்தையே விசாரித்துவிட்டுப் போனார்.

அக்கா விளக்கைக் கழற்றி உள்ளே பார்த்தார். சிரிக்க ஆரம்பித்தவர், முடியாமல் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

“இதுல உங்க மூஞ்சி தெரியுதா பாருங்க அண்ணே.”

பார்த்தேன். தெரியவில்லை. வெறும் வெள்ளையாக இருந்தது.

“மூஞ்சி தெரியலன்னா அது ரிஃப்ளெக்டரே இல்ல. பளபளப்பு வேற, கண்ணாடி வேற. பல்புல இருந்து வர்ற வெளிச்சத்த இது வாங்கி ஒழுங்கா ரோட்டுக்கு அனுப்பணும். உங்க பெயிண்டு நாலா பக்கமும் எறைச்சி வுடுது.”

“அந்தக் குல்லா?”

“அது நேரா போற வெளிச்சத்த மறைக்கத்தான் இருக்குது. அந்த வெளிச்சம் உங்களுக்கு எதுக்கும் ஆவாது. எதிர்ல வர்றவன் கண்ணுக்குத்தான் போவும். எல்லாமே பின்னாடி போயி, ரிஃப்ளெக்டர்ல பட்டு, அப்பறந்தான் முன்னாடி வரணும்.”

இரண்டு ரிஃப்ளெக்டரையும் குல்லாவையும் புதிதாக மாட்டினார். என் பழைய பல்பையே திரும்பப் போட்டார். சுவரில் கோட்டுக்குக் கீழே வெளிச்சம் வெட்டினாற்போல் விழுந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. அந்தப் பெயிண்ட் டப்பாவை என்ன செய்தீர்கள் என்று அடுத்த ஒரு வருஷம் என்னைப் பார்க்கும்போதெல்லாம் கேட்டார். நானும் சும்மா இருக்கவில்லை. அவர் புடவை சாயம் போயிருந்தால், உங்கள் புடவைக்குத்தான் அந்த பெயிண்ட் வேண்டும் என்பேன். கடைக்கு யார் வந்தாலும், அக்கா எதை உடுத்தினாலும், என் வாய்க்குத் தப்பாது.

பெரிய பல்பு கேட்டு வருகிறவர்களைக் கண்டால்தான் அவருக்கு உண்மையாகவே கோபம் வரும். ஒருநாள் மங்கலம்பேட்டையிலிருந்து கரும்பு லாரி ஓட்டி வந்த ஒருவர் கடை முன்னால் இறங்கினார்.

“நூறு வாட்ஸ் பல்பு ரெண்டு குடுக்கா.”

“எதிர்ல வர்றது யாரு?”

“அது எனக்கு எப்படித் தெரியும்? எவனாவது வருவான்.”

“அவன் கண்ணு கூசி உங்க மேலயே வந்து வுட்டான்னா, அப்பத் தெரியும்.”

லாரிக்காரர் என்னைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன். அக்கா மீட்டரை எடுத்து பேட்டரியில் வைத்தார். பன்னிரண்டு வோல்ட்டுக்கு மேல் காட்டியது. விளக்கை எரியவிட்டு, பல்பு மாட்டும் இடத்தில் வைத்தார். பத்தைக்கூடத் தொடவில்லை. எர்த் ஒயர் மாட்டியிருந்த இடம் துருவேறி அப்பிக் கிடந்தது. “பசிக்குதுன்னா சோறு போடணும். நீங்க எலய பெருசா போடச் சொல்றீங்க” என்று சொல்லிக்கொண்டே உப்புத்தாளால் தேய்த்தார். அதே பல்பு பளிச்சென்று எரிந்தது. லாரிக்காரர் வாயைப் பிளந்தபடி நின்றார். பல்பு விற்கவில்லை. உப்புத்தாள் தேய்ந்ததுதான் மிச்சம்.

அவருடைய தங்கை மகள் கல்யாண வரவேற்பு முதுநகரிலேயே நடந்தது. கரண்ட் எப்போது போகும், எப்போது வரும் என்றே சொல்ல முடியாத வருஷங்கள் அவை. தெருவை அடைத்துப் பந்தல். மாலை ஏழு மணிக்கு, மாப்பிள்ளையும் பெண்ணும் மேடையில் ஏறிய நேரம் பார்த்துக் கரண்ட் போனது. ஜெனரேட்டர் நாலு இருமல் இருமிவிட்டு அடங்கியது. உடனே நாங்கள் டிரைவர்கள் மூன்று பேர் வீரமாக எழுந்து போய் கார்களைக் கொண்டுவந்து, மேடையைப் பார்க்க நிறுத்தி, பிரைட் போட்டோம். மாப்பிள்ளை இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். பெண்ணின் கண்ணில் நீர் கொட்டியது. கிழவிகள் அதைப் பார்த்துவிட்டு, பிரியப்போகிற துக்கம் என்று சமாதானம் சொன்னார்கள்.

அக்கா பட்டுப்புடவையோடு ஓடிவந்தார்.

“மொதல்ல அமத்துங்க. மனுசன் மூஞ்சில அடிக்கிறதுக்கா வெளிச்சம்? வண்டியத் திருப்புங்க.”

மேடைக்குப் பக்கவாட்டில் வெள்ளையடித்த ஒரு மாடி வீட்டுச் சுவர் இருந்தது. மூன்று கார்களையும் அந்தச் சுவரைப் பார்த்து நிறுத்தச் சொன்னார். இன்னொரு பக்கம் சமையல்காரர்களிடமிருந்து வெள்ளை வேட்டிகள் இரண்டை வாங்கி விரித்துக் கட்டச் சொன்னார். வெளிச்சம் சுவரில் பட்டு, வேட்டியில் பட்டு, மேடை முழுக்கப் பால் போலப் பரவியது. மாப்பிள்ளை கையை எடுத்துவிட்டு, அன்று முதல் தடவையாகப் பெண்ணைச் சரியாகப் பார்த்தார். அந்தப் பையன் சிரித்த சிரிப்பை நான் இன்னும் மறக்கவில்லை. சாப்பாடும் நன்றாக இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் என் விளக்குகள் மறுபடி மங்க ஆரம்பித்தன. ஒவ்வொரு மாதமும் அக்காவிடம் ஓடினேன். ஒரு தடவை சுவிட்சைக் கழற்றிச் சுத்தம் செய்தார். இன்னொரு தடவை ரிலே போட்டு, தடித்த ஒயர் இழுத்துக் கொடுத்தார். அடுத்து முன்கண்ணாடியையே மாற்றினார். சுவரில் பார்த்தால் பிரமாதமாக இருக்கும். சாலையில் போனால் மங்கல்தான். எதிரே விளக்கு வந்தால் அதைச் சுற்றி வட்டமாகப் புகை படர்ந்து, ஓரக்கோடே தெரியாமல் போகும். குளிர்காலப் பனி என்று நினைத்தேன். சித்திரை மாதத்திலும் பனி பெய்தது.

பரங்கிப்பேட்டையில் எனக்கு நிரந்தரமாகச் சவாரி தருகிற பாய் ஒருவர் இருந்தார். அவர் குடும்பத்தில் மட்டும் வருஷத்துக்கு ஏழெட்டு தடவை விமான நிலையம் போவார்கள். அவர் சொல்லித்தான் மற்ற வீடுகளும் என்னைக் கூப்பிட்டன. ஒருநாள் என்னைத் தனியாக அழைத்து டீ கொடுத்தார்.

“தப்பா எடுத்துக்காதீங்க. போன தடவ ரெண்டு எடத்துல வண்டி ரோட்ட வுட்டு எறங்கிடுச்சாம். மருமவ ரொம்ப பயந்துட்டா. அடுத்த மாசம் வேற வண்டி சொல்லிக்கிறோம்.”

“லைட்டு பாய், லைட்டுதான் கோளாறு. சரி பண்ணிடுறேன்.”

“பண்ணுங்க. அல்லாஹ் நாடினா அப்பறம் பாக்கலாம்.”

அவர் கை விட்டால் ஊரே கை விடும். நேராக முதுநகருக்கு வந்து அக்காவின் மேஜையைத் தட்டினேன்.

“நூறு வாட்ஸ் குடுங்க. இன்னிக்கி நீங்க ஒண்ணும் சொல்லக் கூடாது.”

அவர் பல்பை எடுக்கவில்லை. வண்டியைக் கல்லுக்கு நேராக நிறுத்தச் சொன்னார். விளக்கைப் போட்டேன். வெளிச்சம் கோட்டுக்குக் கீழே குறையில்லாமல் விழுந்தது. மீட்டர் வைத்தார். பன்னிரண்டு. சாக்பீஸை எடுத்துப் போய் மதிலில் கோட்டுக்குக் கீழே ஏதோ எழுதினார்.

“சீட்ல ஒக்காந்து இதப் படிங்க.”

“வெளிச்சம் இல்லாம எப்படிக்கா படிக்கிறது?”

பின்னால் ஒரு புத்தம்புதுக் கார் நின்றிருந்தது. அதன் சொந்தக்காரரிடம் கேட்டு, என் வண்டியை எடுத்துவிட்டு அதை அங்கே நிறுத்தினார். என்னை அதில் உட்காரச் சொன்னார். புது வண்டி, புது விளக்கு. சுவர் மஞ்சளாகத் தெரிந்தது. எழுத்து தெரியவில்லை. அந்தக் காரின் சொந்தக்காரர் என் ஜன்னலருகே நின்றபடியே “லால்பேட்டை, காட்டுமன்னார்கோயில்” என்று ஒரு தயக்கமும் இல்லாமல் வாசித்தார்.

அக்கா கதவருகே வந்து குனிந்தார். அவர் குரல் அவ்வளவு மெதுவாக வந்து நான் கேட்டதில்லை.

“ரிஃப்ளெக்டர் மாத்திட்டோம். ஒயர் மாத்திட்டோம். கண்ணாடி மாத்திட்டோம். இப்ப வண்டியவே மாத்திப் பாத்துட்டோம். இன்னும் மாத்தாம இருக்குறது நீங்க ஒருத்தர்தான் அண்ணே. கண்ணக் காட்டுங்க.”

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. வரிசையில் நான்கு டிரைவர்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். டிரைவருக்குக் கண் சரியில்லை என்று நாலு பேர் காதில் விழுந்தால் அதற்குப் பிறகு அவனுக்கு எந்த ஸ்டாண்டில் இடம்? “பல்பு விக்கத் துப்பில்லாம வைத்தியம் பாக்க வந்துட்டீங்களா?” என்று கேட்டுவிட்டு வண்டியை எடுத்தேன். அந்த வார்த்தையை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

சிதம்பரத்தில் வேறொரு கடையில் மறுபேச்சு இல்லாமல் நூறு வாட்ஸ் மாட்டிக் கொடுத்தார்கள். சாலை கல்யாண வீடு போல் ஆனது. கோடும் தெரிந்த மாதிரி இருந்தது. மூன்று நாள் ராஜாவாக ஓட்டினேன்.

நான்காம் நாள், பொழுது சாய்ந்து இருட்டுகிற மசங்கல் நேரம். புதுச்சத்திரம் தாண்டி வந்துகொண்டிருந்தேன். எதிரே பின்னால் பெட்டி கட்டிய ஒரு டி.வி.எஸ். 50 வந்தது. வந்தது என்பதைவிட, பக்கத்தில் வந்த பிறகுதான் அது வண்டி என்றே எனக்குத் தெரிந்தது. அது தடுமாறி, மண்ணில் இறங்கி, சாய்ந்தது. நிறுத்திவிட்டு ஓடினேன். மீன் விற்றுவிட்டுத் திரும்புகிற ஆள். முழங்கையில் சிராய்ப்பு மட்டும்தான். பெட்டி திறந்து, ஐஸும் மிச்சமிருந்த மத்தி மீனும் சாலையெங்கும் சிதறிக் கிடந்தன. என் நூறு வாட்ஸ் வெளிச்சத்திலேயே இரண்டு பேரும் குனிந்து மீன் பொறுக்கினோம். என் கைக்கு மீனைவிடக் கூழாங்கல்தான் அதிகம் அகப்பட்டது.

நான் மன்னிப்புக் கேட்க வாயெடுப்பதற்குள் அந்த மனிதர் முந்திக்கொண்டார்.

“உங்க மேல தப்பு இல்ல சார். எங்கண்ணுதான் சரியில்ல போல. எதிர்ல லைட்டு வந்தா ஒண்ணுமே தெரிய மாட்டேங்குது. டாக்டருகிட்ட காட்டணும்.”

ஊரில் இல்லாத பேச்செல்லாம் பேசுகிற என் வாய், “ஆமாம்ப்பா, காட்டு” என்றது. சொல்லிவிட்டு வண்டியில் வந்து உட்கார்ந்தேன். வெகுநேரம் சாவியைத் திருப்பவில்லை. என் கண்ணுக்கு நான் விளக்கைக் குற்றம் சொன்னேன். என் விளக்குக்கு அந்த மனிதர் தன் கண்ணைக் குற்றம் சொன்னார். இதைவிடக் கேவலமாக ஒருவன் எப்படி இருக்க முடியும்?

மறுநாள் அந்தப் பல்புகளைக் கழற்றிப் போட்டுவிட்டு, பஸ் ஏறிப் பாண்டிச்சேரிக்குப் போனேன். கண் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா இரண்டு கண்ணையும் பார்த்துவிட்டு, “இதை வெச்சுக்கிட்டா இவ்ளோ நாள் வண்டி ஓட்டுனீங்க?” என்று கேட்டார். இரண்டிலும் புரை முற்றியிருந்தது. முதலில் ஒரு கண்ணில் ஆபரேஷன், ஒரு மாதம் கழித்து இன்னொன்றில். அதுவரைக்கும் வண்டி வீட்டு வாசலில் உறை போட்டு நின்றது. டாக்டரம்மா இனி ஓட்டலாம் என்று எழுதிக் கொடுத்த காகிதத்தை நான் முதலில் காட்டியது பரங்கிப்பேட்டை பாயிடம். நடந்ததை மறைக்காமல் சொன்னேன். அவர் காகிதத்தைப் படித்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை மகன் வருவதாகவும், வண்டி கொண்டுவர வேண்டும் என்றும் சொன்னார்.

அந்த ஞாயிறு மாலைதான் முதுநகரில் வண்டியை நிறுத்தினேன். அக்கா மதிலருகே, ஏதோ வேனின் வெளிச்சத்தில் நின்றுகொண்டிருந்தார். பார்த்ததும் திக்கென்றது. தலை முழுக்க வெள்ளை. ஒரு கறுப்பு முடி இல்லை.

“என்னாக்கா இது? தல எப்ப இப்படி நரைச்சிது?”

“நாலு வருசமா இப்படித்தான் இருக்குது. வர்ற டிரைவருங்க அத்தன பேரும் கேட்டுட்டாங்க. நீங்க ஒருத்தர்தான் கேக்கல. பொடவ சாயம் போனதயே வுடாத ஆளு, தலயப் பத்தி ஒரு வார்த்த பேசல. அப்பவே எனக்குச் சந்தேகம்.”

“அப்பவே தெரியுமா? அப்பறம் எதுக்கு என் வண்டிய அத்தன தடவ பிரிச்சி மேஞ்சீங்க?”

அவர் கையிலிருந்த சாக்பீஸ் தூளைத் தட்டிவிட்டுக்கொண்டார்.

“வண்டி ஓட்டிப் பொழைக்கிறவரப் பாத்து, உங்க கண்ணு போச்சுன்னு சொல்றது லேசான வார்த்தையா அண்ணே? வண்டியில ஒண்ணுமே இல்லன்னு எனக்கே தெரியற வரைக்கும் அத எப்படி நான் சொல்லுவேன்?”

வேன்காரர் ஹாரன் அடித்தார். மகனை அழைத்துவரப் பரங்கிப்பேட்டையில் ஏழரைக்கு ஏறுகிறோம் என்று பாய் சொல்லியிருந்தார். அக்காவிடம் சொல்லிக்கொண்டு வண்டியை எடுத்தேன்.